உலோகம் விளையா நாட்டில் காசு: வங்காளத்துச் சோழி நாணயத்தின் வரலாறு

நாணயம் என்ற சொல் செவியிற் பட்டதும் பொன், வெள்ளி, செம்பு என்னும் மூன்று உலோகங்களே மனத்தில் தோன்றுதல் இயல்பு. வரலாற்று நூல்களும் பெரும்பாலும் இவ்வியல்பையே பின்பற்றுவன. அரசன் ஒருவன் காசு வெளியிட்டானாயின் அவன் காலம் செழித்த காலம் எனவும், காசு கிடைக்காத காலம் வணிகம் நலிந்த காலம் எனவும் எழுதிச் செல்லும் வழக்கம் அறிஞரிடையே நெடுநாள் நிலவியது. இம்முடிபு எல்லா நாட்டுக்கும் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. மண்ணுக்குள் உலோகம் இல்லாத நாடுகளும் உலகில் உண்டு. அந்நாடுகளில் மக்கள் விற்கவும் வாங்கவும் செய்தனர், வரி கொடுத்தனர், கடன் கொண்டனர், கோயிலுக்கும் அந்தணர்க்கும் தானம் வழங்கினர். இவை யாவும் எதனைக் கொண்டு நடைபெற்றன?

இவ்வினாவுக்கு வங்காளத்தைப்போல் தெளிவாக விடை தரும் நாடு வேறில்லை எனலாம். கங்கையும் பிரமபுத்திராவும் கொண்டுவந்து குவித்த வண்டலே வங்காளம். அதன் கழிமுகப் பகுதியிற் பொன்னுமில்லை, வெள்ளியுமில்லை, செம்புமில்லை. வீடு கட்டக் கல்லும் அரிது. நெல்லும் கரும்பும் பருத்தியும் பட்டும் அளவின்றி விளைந்த அந்நாடு, உலோகம் அனைத்தையும் பிற நாட்டிலிருந்தே பெறவேண்டியிருந்தது. அயலாரிடம் பெற்ற வெள்ளி பெருவணிகருக்கும் அரசுக்கும் போதுமாயினும், நாழியரிசியும் கைப்பிடி உப்பும் வாங்கும் ஏழைக்கு அது பயன்படாது. அவன் கையில் இருந்த காசு கடலில் விளைந்தது. அதுவும் வங்கக் கடலில் விளைந்ததன்று. ஆயிரத்து இருநூறு மைலுக்கு அப்பால், இலங்கைக்குத் தென்மேற்கே கிடக்கும் மாலைதீவிலிருந்து வந்த சோழி அது.

சோழி தமிழர்க்குப் புதிய பொருளன்று. பலகறை, கவடி என்னும் பெயர்களும் அதற்குண்டு. தாயமாடும் சிறுவர் அதனை அறிவர். குறி பார்ப்போர் அதனை உருட்டுவர். சித்தமருத்துவர் அதனைச் சுட்டுப் பற்பமாக்குவர். எனினும் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அது விளையாட்டுப் பொருளாகவும் மருந்தாகவும் நின்றதேயன்றி, வங்காளத்திற்போல நாட்டின் காசாக உயரவில்லை. இவ்விரு நாடுகளிலும் செப்புக்காசு தாராளமாகப் புழங்கியமையே இதற்குக் காரணமாகலாம். முதலாம் இராசராசன் பெயர் பொறித்த செப்புக்காசுகள் இலங்கையிற் பரவலாகக் கிடைத்துள்ளன. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் 'சேது' எனப் பொறித்து வெளியிட்டவையும் செப்புக்காசுகளே. சில்லறைக்குச் செம்பு இருந்தவிடத்துச் சோழி வேண்டப்படவில்லை. செம்பு இல்லாதவிடத்து அது வேந்தனைப்போல் வீற்றிருந்தது.

சோழியினத்துச் சிப்பிகள் பலவற்றுள் காசாகப் பயன்பட்டது ஒரு சிறு வகை. வெண்மையும் மென்மஞ்சளும் கலந்த நிறமும், விரல் நுனியளவு உருவமும் கொண்டது. உயிரினங்களுக்கு இலத்தீன் பெயரிட்ட லின்னேயசு 1758இல் இதற்கு இட்ட பெயரில் 'மொனெத்தா' என்னும் சொல் உண்டு. காசு என்பதே அதன் பொருள். இந்துமாகடலிற் பல இடங்களில் இது வாழ்வதாயினும், மாலைதீவின் ஆழமற்ற பவளக் கடலில் விளைந்த அளவுக்கு வேறெங்கும் விளையவில்லை. அங்குக் கிடைத்தவை சிறியனவாகவும் ஒரே அளவினவாகவும் இருந்தன. காசுக்கு இவ்விரண்டும் வேண்டிய குணங்களாம்.

மாலைதீவோ வங்காளத்தினும் வறிய நிலம். பவளமும் மணலுமன்றி அதன் மண்ணில் வேறொன்றுமில்லை. ஓர் ஆணிக்கு வேண்டிய இரும்பும் மரக்கலத்தில் வந்திறங்கவேண்டும். ஆகவே அத்தீவினர் தம் ஓடங்களை ஆணியின்றிக் கயிற்றினாலேயே தைத்துக் கட்டினர். உலோகமே இல்லாத ஒரு நாடு, உலோகம் குறைந்த மற்றொரு நாட்டுக்குக் காசு அளித்துப் பல நூற்றாண்டுகள் உண்டு வாழ்ந்தது என்பது பொருளியல் வரலாற்றில் எண்ணி வியக்கத்தக்க செய்தி. அல்பீரூனி என்னும் பேரறிஞர் 1030 அளவில் எழுதிய நூலில், இக்கடலிலுள்ள தீவுகளை அவை தரும் பொருளால் இரண்டாக வகுத்து, ஒன்றைச் சோழித்தீவுகள் என்றும் மற்றொன்றைக் கயிற்றுத்தீவுகள் என்றும் குறிப்பிட்டார். அதற்கும் முன்னர், 851ஆம் ஆண்டைச் சார்ந்த அரபுக் குறிப்பொன்று, அத்தீவுகளை ஆண்ட அரசி சோழிகளையே தன் கருவூலச் செல்வமாகச் சேர்த்து வைத்தாள் என்று கூறும். முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி அவன் வென்றனவாகக் கூறும் பன்னீராயிரம் பழந்தீவுகள் மாலைதீவே என்பது வரலாற்றாசிரியர் பலர் கொண்ட முடிபு. அவ்வெற்றியின் நோக்கம் சோழி வணிகமே எனக் கூறச் சான்றில்லை. ஆயினும் அக்கடல் வழியிற் சென்ற பொருள்களுள் சோழி முதன்மையானது என்பதை மறத்தலாகாது.

சோழி எடுக்கும் முறையை மிக விரிவாக எழுதி வைத்தவர் பிரான்சிசு பிரார் என்னும் பிரெஞ்சுக்காரர். 1602இல் அவர் வந்த கப்பல் மாலைதீவுப் பாறையில் மோதியுடைய, 1607 வரை அவர் அங்குச் சிறைப்பட்டவர்போல் வாழ்ந்தார். திங்களுக்கு இருமுறை, அமாவாசைக்கு முன்னும் பின்னும் மும்மூன்று நாளும் பூரணைக்கு முன்னும் பின்னும் மும்மூன்று நாளும், பெண்கள் இடுப்பளவு நீரிலிறங்கி மணலிலிருந்து சோழி பொறுக்கினர் என அவர் எழுதுவர். பொறுக்கிய சிப்பியை உடனே காசாகப் பயன்படுத்தல் இயலாது. அதனுள் உயிர் இருப்பதால் குழியிலிட்டு மூடிவைத்து, தசை அழுகி அகன்றபின் கழுவி உலர்த்தவேண்டும். பின்னர்த் தென்னோலையாற் பின்னிய பொதிகளில் பன்னீராயிரம் பன்னீராயிரமாகக் கட்டுவர். ஓராண்டில் முப்பது நாற்பது கப்பல்கள் வேறு சரக்கு இன்றிச் சோழி மட்டும் ஏற்றி வங்காளத்துக்குச் சென்றதைத் தாம் கண்டதாகவும் பிரார் கூறுவர்.

பிராரின் சிறை முடிந்த விதமும் இங்கு நினைக்கத்தக்கது. 1607இல் வங்காளத்திலிருந்து வந்த ஒரு கொள்ளைப்படை மாலேயைத் தாக்கியது. அப்படை நாடி வந்தது சோழியையன்று. உடைந்த பிரெஞ்சுக் கப்பலிலிருந்து எடுத்துவைக்கப்பட்ட பீரங்கிகளே அதன் குறி. உலோகமற்ற கடலில் பீரங்கி என்பது பொற்குவியலினும் அரியது போலும். பீரங்கிகளோடு பிராரும் வங்காளம் சேர்ந்தார்.

அவருக்கு இரண்டரை நூற்றாண்டு முன்னரே அத்தீவுகளில் நீதிபதியாக இருந்தவர் இபன் பதூதா. 1343இல் அங்குச் சென்று, 1344இல் இலங்கை வந்து, புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டு, சிவனொளிபாதமலை ஏறியவர் என்னும் முறையில் இந்நாட்டு மாணவர் அவரை நன்கறிவர். சோழிக்கணக்கை அவர் வரிசையாகத் தந்துள்ளார். நூறு சோழி ஒரு சியாகு. எழுநூறு ஒரு பால். பன்னீராயிரம் ஒரு கொத்தா. இலட்சம் ஒரு புசுத்து. கொத்தா என்ற சொல்லைக் கேட்ட அளவில் வைக்கோற் புரியிற் கட்டிய நெற்கோட்டை தமிழர் நினைவுக்கு வரும். நான்கு இலட்சம் சோழி ஒரு பொற்காசுக்கு விற்றதென்றும், சிலவேளை விலை மேலும் வீழ்ந்ததென்றும் அவர் கூறுகின்றார். வங்காளத்தார் அரிசி கொடுத்துச் சோழி வாங்கிச்சென்றனர். ஏமன் நாட்டார் கப்பல் நிலைபெற மணலுக்குப் பதிலாகச் சோழியையே அடித்தட்டில் நிரப்பினர். இவரே 1352ஆம், 1353ஆம் ஆண்டுகளில் மேற்கு ஆபிரிக்காவின் மாலிப் பேரரசுக்குச் சென்றபொழுது, அதே சோழி ஆயிரத்து நூற்றைம்பதுக்கு ஒரு பொற்காசாக விற்பதைக் கண்டார். ஒரே பொருளின் மதிப்பு ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் ஏறக்குறைய முந்நூற்றைம்பது மடங்கு வேறுபட்டது. சோழியைக் காசாக்கியது அதன் அழகன்று, கடந்துவந்த தூரமே. எடுக்கும் இடத்தில் மணலுக்கு ஒப்பானது, எடுக்கமுடியாத இடத்திற் பணமாயிற்று. இவ்வொரு கருத்தைப் பற்றிக்கொண்டால் சோழியின் எழுச்சியும் வீழ்ச்சியும் ஒருங்கே விளங்கும்.

இந்தியாவில் இவ்வழக்கு மிகப் பழையது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த சீன யாத்திரிகர் பாகியான், மத்திய தேசத்து மக்கள் சோழி கொண்டு வாணிகம் செய்தனர் என எழுதினார். குப்தப் பேரரசர் சிறந்த பொற்காசு வெளியிட்ட காலம் அது என்பதைக் கருதவேண்டும். பொன்னும் சோழியும் ஒன்றையொன்று விலக்கவில்லை. ஒன்று மாளிகைக்கு, மற்றொன்று சந்தைக்கு. ஆனால் பாலர், சேனர் ஆட்சிக்காலமாகிய எட்டாம் நூற்றாண்டு முதல் பன்னிரண்டாம் நூற்றாண்டு வரை வங்காளத்தின் பெரும்பகுதியில் அரசர் வெளியிட்ட காசுகள் மிக அரியனவாயின. தென்கிழக்கே அரிகேலம் முதலிய பகுதிகளில் வெள்ளிக்காசு வழங்கியதைத் தவிர்த்தால், பிற இடங்களில் பெரும் பேரரசர் பெயரிலும் நாணயம் காண்டல் அரிது. இதனைக் கண்டு வங்காளத்து வணிகம் அக்காலத்து அழிந்தது என்று முடிவு செய்தவர் உளர்.

சேனர் செப்பேடுகள் இம்முடிபை ஐயுறச் செய்கின்றன. தானமாக அளிக்கப்பட்ட நிலங்களின் ஆண்டு வருவாயை அச்செப்பேடுகள் 'கபர்தக புராணம்' என்னும் அலகில் நுணுக்கமாகக் கணக்கிடுகின்றன. கபர்தகம் என்பது சோழி. புராணம் என்பது பழைய வெள்ளிக்காசு. சோழி வடிவிற் செய்த வெள்ளிக்காசு இது என்று ஒரு சாராரும், ஒரு வெள்ளிக்காசின் மதிப்புக்கு ஈடாக எண்ணப்பட்ட சோழித்தொகையே இது என்று மற்றொரு சாராரும் கூறினர். சோழி வடிவ வெள்ளிக்காசு கிடைக்காத நிலையில் இரண்டாவது கருத்தே வலியுடையது. அதாவது வெள்ளிக்காசு கண்ணுக்குத் தெரியாத கணக்கலகாக நின்றது, கைமாறியது சோழி. கணக்குப் பணம் வேறு, கைப்பணம் வேறு என்னும் இவ்வேறுபாட்டைக் கற்பதற்கு மேனாட்டு வங்கிகளின் வரலாற்றைப் படித்தல் வேண்டும் என்பதில்லை.

அக்கணக்கின் அமைப்பைப் பாசுகராசாரியர் 1150இல் இயற்றிய லீலாவதி என்னும் கணித நூலின் தொடக்கத்திற் காணலாம். இருபது சோழி ஒரு காகிணி; நான்கு காகிணி ஒரு பணம்; பதினாறு பணம் ஒரு திரம்மம். ஆகவே எண்பது சோழி ஒரு பணமும், ஆயிரத்து இருநூற்று எண்பது சோழி ஒரு திரம்மமும் ஆயின. வங்காளத்துச் சந்தையில் நான்கு சோழி ஒரு கண்டா. இருபது கண்டா ஒரு பணம். பதினாறு பணம் ஒரு கஹணம். சொற்கள் சிறிது வேறாயினும் தொகை ஒன்றே. எண்ணுவோன் கையால் நான்கு நான்காகத் தள்ளி எண்ணுதற்கு இம்முறை எளிதானது. திண்ணைப் பள்ளியில் வங்கச் சிறுவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் கண்டாவும் பணமும் கஹணமும் கொண்டே வாய்பாடு ஓதினர். எண்பதில் ஒரு கூறு தமிழ்க் கணக்கிற் காணி எனப்படுவது. இதனையும் காகிணியையும் உடனே முடிச்சிடுதல் அவசரமாகும் எனினும், எண்பது என்னும் எண் இந்தியக் கணக்கில் பெற்ற இடம் குறிக்கத்தக்கது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீனத்தின் தென்மேற்கிலுள்ள யுன்னான் நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அங்கு எண்பது சோழி ஒரு சிறு வெள்ளி எடைக்குச் சமமாக வழங்கியது என்றார். வங்கத்துச் சோழியோடு வங்கத்துக் கணக்கும் மலைகடந்து சென்றது போலும். யுன்னானில் இவ்வழக்கு பதினேழாம் நூற்றாண்டு வரை நீடித்தது.

மின்ஹாசு என்னும் பாரசீக வரலாற்றாசிரியர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இடையில் வங்காளத்துக்கு வந்தார். அந்நாட்டில் வெள்ளிக்குப் பதிலாகச் சோழி வழங்கியதைக் கூறி, இலக்குமண சேனன் ஒருவனுக்கு அளித்த மிகச் சிறிய கொடையும் ஓர் இலட்சம் சோழிக்குக் குறையாது எனப் புகழ்ந்தார். இலட்சம் என்னும் சொல் கேட்டு மயங்குதல் வேண்டா. மேற்கூறிய கணக்கின்படி அது எழுபத்தெட்டுத் திரம்மமே. கொடையாளி என்னும் புகழுக்கு அது போதும். கருவூலம் வறிதாகும் அளவன்று.

பின்னர் வந்த சுல்தான்கள் கிழக்கு மலைநாட்டு வெள்ளியைப் பெற்றுத் தங்கா என்னும் நாணயம் வெளியிட்டனர். அக்காலத்தும் சோழி மறையவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனக் கடற்படையோடு வந்த மாகுவான், பெருவணிகத்துக்கு வெள்ளியும் சில்லறைக்குச் சோழியும் வழங்கின என எழுதியுள்ளார். இவ்விரண்டையும் இணைத்தவர் போத்தார் எனப்பட்ட காசுமாற்றுவோர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடவங்காளத்தை ஆராய்ந்த பிரான்சிசு புக்கனன் இவர்தம் தொழிலை விளக்கியுள்ளார். காலையில் போத்தார் சோழிக்குவியலோடு சந்தையில் அமர்வார். பொருள் வாங்க வருவோர் வெள்ளி கொடுத்துச் சோழி பெறுவர். அச்சோழி மீன் விற்பவளிடமும் காய்கறி விற்பவளிடமும் எண்ணெய் விற்பவனிடமும் சேரும். மாலையில் அவர்கள் அதனைச் சுமந்து வந்து போத்தாரிடமே கொடுத்து வெள்ளி பெறுவர். கொடுக்கும் விலைக்கும் கொள்ளும் விலைக்கும் இடைப்பட்ட சிறு வேறுபாடே அவரது ஊதியம். ஒரே குவியல் காலையிற் பரந்து மாலையிற் குவிந்தது. இவ்வாறு இயங்கிய ஒன்றை நாகரிகமற்ற மாந்தரின் பணம் என ஒதுக்குதல் பொருந்தாது.

உண்மையில் சிறுகாசு என்னும் முறையில் சோழிக்குச் செம்பினும் சில மேன்மைகள் இருந்தன. அதனை உருக்கிப் பாத்திரமாக்க இயலாது. ஓரத்தைச் சுரண்டி எடைகுறைக்க இயலாது. கள்ளக்காசு அடிப்பதற்கு ஆகும் செலவு காசின் மதிப்பினும் மிகும். கறுக்காது, துருப்பிடிக்காது, மண்ணிற் புதைத்தாலும் கெடாது. அரசனும் அதன் மாற்றைக் குறைத்து மக்களை ஏமாற்ற முடியாது. ஏனெனில் அது அவன் அக்கசாலையிற் பிறந்ததன்று. உலகில் எத்தனையோ மன்னர் வெள்ளியில் ஈயம் கலந்தனர். சோழியில் எதனைக் கலப்பது? எல்லாவற்றினும் முதன்மையானது அதன் மதிப்பின் சிறுமை. ஒரு ரூபாய்க்கு 1740இல் 2,400 சோழியும், 1756இல் 2,560 சோழியும் விற்றன எனக் குறிப்புகள் உள. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நான்கு கஹணம், அதாவது 5,120 சோழி, ஒரு ரூபாய்க்குரிய வழக்கமான தொகையாயிற்று. ரூபாயில் ஐயாயிரத்தில் ஒரு பங்கையும் காசாகக் கையில் வைத்திருந்தவன், ஒரு வெற்றிலையையும் தனியே வாங்க வல்லவனாயிருந்தான். செப்புக் காசு எவ்வளவு சிறியதாயினும் அந்நுட்பத்துக்கு இறங்க முடியாது.

குறைகளும் இல்லாமலில்லை. சிறிய மதிப்பு பெரிய தொகைக்குப் பெருஞ்சுமை. இதனை உணர விரும்புவோர் சில்ஹெட் மாவட்டத்தின் கதையைக் கேட்கவேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலராக 1778 அளவில் அங்குச் சென்ற ராபட் லின்சே தம் நினைவுக்குறிப்பில் கூறுவதாவது: அம்மாவட்டத்தின் ஆண்டு வரி 2,50,000 ரூபாய்; அது முழுவதும் சோழியாகவே செலுத்தப்பட்டது; ரூபாய்க்கு 5,120 சோழி. பெருக்கிப் பார்ப்பின் 128 கோடி சோழியாகிறது. ஒரு சோழி ஒரு கிராமுக்குச் சிறிது கூடுதலான எடையுடையதாகலின் ஆண்டு வரியின் எடை 1,280 தொன்னுக்கும் மேலாம். இவற்றை வைக்கப் பல பெரிய களஞ்சியங்கள் வேண்டியிருந்தன. ஆண்டு முடிவில் ஒரு படகுத்தொகுதியே அமர்த்தி டாக்காவுக்கு அனுப்பினர். திருட்டு நீங்கலாக நூற்றுக்குப் பத்துக்குக் குறையாத நட்டம் இவ்வழியில் அரசுக்கு ஏற்பட்டது என்பது லின்சேயின் கணக்கு. கம்பெனியார் முகம் சுளித்ததில் வியப்பில்லை. ஆயினும் இச்சுமையை முன்னைய அரசுகளும் சுமந்தே வந்தன. அரசு வரியாக ஏற்றுக்கொண்டமையே சோழியின் மதிப்புக்கு ஒரு தூணாக நின்றது. குடியானவன் எதனைக் கொடுத்து வரித்தொல்லை தீர்க்கலாமோ அதனை எவரும் மறுப்பின்றி வாங்குவர்.

அத்தூண் சரிந்தால் என்ன நேரும் என்பதை ஒரிசா காட்டிற்று. வங்காளத்துக்கு அடுத்த அந்நாட்டில் மராட்டியர் ஆட்சியிலும் நிலவரி சோழியிலேயே கணிக்கப்பட்டது. 1803இல் கம்பெனியார் ஒரிசாவைக் கைப்பற்றியபின் வரியை வெள்ளி ரூபாயாகச் செலுத்தவேண்டுமென விதித்தனர். ரூபாய்க்கு நான்கு கஹணம் என்பது ஏட்டிலிருந்த விகிதம். வரி செலுத்தும் பருவத்தில் அனைவரும் ஒருங்கே வெள்ளி தேடி ஓடியபொழுது சந்தை விகிதம் ஆறு, ஏழு கஹணம் வரை சென்றது. உழவன் தன் நெல்லையும் காய்கறியையும் விற்றுப் பெற்றது சோழி. அரசு கேட்டது வெள்ளி. வரித்தொகை ஏட்டில் ஒரு ரூபாயும் ஏறாதிருக்க, அதனைத் தீர்க்க அவன் விற்கவேண்டிய விளைவு ஒன்றரை மடங்குக்கு ஏறியது. எழுத்தறியாத அக்குடியானவனுக்கு இது எவ்வாறு நேர்ந்தது என்பது விளங்கியிருக்குமோ? களத்தில் நெல் குறையாமல் இருக்கவும் வீட்டில் நெல் குறைந்தது என்பது மட்டும் விளங்கியிருக்கும். நிலத்தை இழந்தவர் பலர். கல்கத்தாவில் ஏலத்தில் எடுத்தவர் கைக்கு ஒரிசாவின் சமீன்கள் மாறின.

1817இல் குர்தாப் பகுதியில் பைக்கர் கிளர்ச்சி எழுந்தது. பழைய அரசரிடம் படைத்தொழில் புரிந்து மானியநிலம் உண்டவர் பைக்கர். பக்சி சகபந்து அதன் தலைவர். மானியநிலப் பறிப்பு, உப்பு விலையேற்றம் ஆகியவற்றோடு சோழியின் வீழ்ச்சியும் கிளர்ச்சிக்குக் காரணமென அரசாங்க விசாரணையிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. பைக்கரல்லாத குடியானவரும் அதிற் சேர்ந்தமைக்கு மானிய இழப்பு காரணமாகாது. உப்பும் சோழியுமே அவர்களை இழுத்தன. ஒரு சிப்பியின் விலைக்காக மக்கள் வாளெடுத்தனர் என்று கூறின் நகைப்புத் தோன்றலாம். ஏழையின் சேமிப்பு முழுவதும் அச்சிப்பியில் இருந்தது என்பதை உணர்ந்தோர் நகையார். 1830களில் வங்காளத்தில் ரூபாய்க்கு 6,400 சோழி வரை விலை வீழ்ந்தது. கம்பெனியின் செப்புப் பைசா ஊர்தோறும் பரவ, நூற்றாண்டின் பிற்பகுதியிற் சோழி சந்தையை விட்டகன்றது.

சோழிக்கு மற்றொரு வரலாறும் உண்டு. அது மேலும் இருண்டது. அதில் இலங்கைக்கும் பங்குண்டு. மேற்கு ஆபிரிக்காவிற் சோழி வழங்குவதைக் கண்ட போர்த்துக்கேயர், பாலைவனம் கடந்து சென்ற சரக்கைக் கடல் வழியாகக் கொண்டுசெல்லத் தொடங்கினர். அவர்களை அடுத்து ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதனை மேற்கொண்டனர். மாலைதீவுச் சுல்தான் ஆண்டுதோறும் கொழும்பிலிருந்த ஒல்லாந்தத் தேசாதிபதிக்குத் தூதும் பரிசும் அனுப்புவது வழக்கம். தூதோடு வந்த ஓடங்களிற் சோழிப்பொதிகளும் வந்தன. கொழும்பிலும் காலியிலும் வாங்கிய சோழியைக் கறுவாவுக்கும் மிளகுக்கும் கீழே கப்பலின் அடிப்பாரமாக இட்டு அம்சுதர்தாம் கொண்டுசென்று ஏலத்தில் விற்றனர். அங்கு வாங்கியோர் ஆபிரிக்கக் கரைக்கு அனுப்பி அடிமைகளைக் கொண்டனர். 1700 முதல் 1790 வரை ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் மேற்கு ஆபிரிக்காவுக்கு ஏற்றிய சோழி 11,000 தொன்னுக்கு மேலென ஆய்வாளர் கணித்துள்ளனர். எண்ணிக்கையில் அது ஆயிரம் கோடியளவு. மாலைதீவுப் பெண் நிலவொளியில் இடுப்பளவு நீரில் நின்று பொறுக்கிய சிப்பி, அவள் பெயரும் கேளாத ஒரு கரையில் ஒரு மனிதனின் விலையில் ஒரு பகுதியாயிற்று. அவ்விலை எதற்குப் பயன்பட்டதென்பதை அவள் அறிந்திருக்க வழியில்லை; கொழும்பிலும் காலியிலும் பொதி எண்ணியோர் அறிந்திருக்கக்கூடும்.

ஆபிரிக்காவில் சோழி மடிந்த வகை வங்காளத்து வகையினின்றும் வேறானது. ஆங்கு அரசாணைக்கு முன்னரே வணிகம் அதனைக் கெடுத்தது. சன்சிபார் தீவையடுத்த கடலில் மற்றொரு வகைச் சோழி விளைந்தது. சிறிது பெரியது, முதுகில் மஞ்சள் வளையமுடையது. 1845 அளவில் அம்பேர்க்கு வணிகர் அதனை மேற்குக் கரைக்குக் கொண்டுசென்று இறக்கினர். மாலைதீவுச் சோழியினும் அதன் அடக்கவிலை மிகக் குறைவு, தூரமும் குறைவு. அக்கரையினர் அதனையும் ஏற்றனர். சில பத்தாண்டுகளில் முன்னைய நூற்றாண்டு முழுவதும் வந்ததனினும் மிகுதியான சோழி இறங்கியது. தூரம் காத்து நின்ற மதிப்பு, நீராவிக் கப்பலும் அயற்கடற் சோழியும் வந்தபொழுது சிதறியது. பனையெண்ணெய் விற்றுச் சோழி சேர்த்து வைத்த குடும்பங்களின் செல்வம், எவரும் திருடாமலே, களஞ்சியத்திலிருந்தவாறே கரைந்தது. இருபதினாயிரம் சோழி கொண்ட ஒரு பொதியைச் சந்தைக்குச் சுமக்க ஆளுக்குக் கொடுக்கும் கூலியே பொதியின் மதிப்பை உண்ணும் நிலை வந்தது. 1904இல் பிரித்தானியர் நைசீரியாவுக்குச் சோழி இறக்குமதி செய்வதைத் தடுத்தனர். அப்பொழுது தடுப்பதற்கு எஞ்சியிருந்தது சிறிதே. கானா விடுதலை பெற்றபின் 1965இல் வெளியிட்ட பணத்துக்குச் 'சேடி' எனப் பெயரிட்டது. அக்கான் மொழியிற் சோழியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அப்பெயர்.

மாலைதீவின் நிலை யாதாயிற்று? அத்தீவினர் தமக்குள் வெள்ளிக்கம்பியை வளைத்துச் செய்த லாரினையும், பின்னர்ச் சுல்தான்கள் வெளியிட்ட வட்டக் காசுகளையும் வழங்கிவந்தனர். தூண்டில்போல் வளைந்த அவ்வகை வெள்ளிக்கம்பி கண்டி நாட்டிலும் காசாகப் புழங்கியதே. அயல்நாட்டு அரிசிக்கும் துணிக்கும் இரும்புக்கும் ஈடாக அவர்கள் கொடுத்த முதற்பொருள் சோழியாகவே இருந்தது. வங்காளச் சந்தையும் ஆபிரிக்கச் சந்தையும் அடுத்தடுத்து மூடப்பட்டபின் கடலிற் சோழி முன்போலவே விளைந்தது, பொறுக்குவோர் குறைந்தனர். மாலைதீவு 1887இல் இலங்கைத் தேசாதிபதியின் வழியாகப் பிரித்தானியப் பாதுகாப்புக்குள் வந்த காலத்து, ஆண்டுத் தூது முன்போலவே கொழும்புக்கு வந்துகொண்டிருந்தது. அதனோடு வந்த ஓடங்களில் ஓலைப்பொதிகள் இருந்த இடத்தை வேறொரு சரக்கு நிரப்பியது. சூரை மீனை அவித்துப் புகையிலிட்டு உலர்த்திய மாசி அது; இலங்கைச் சமையலறைகளில் அதற்கு வேண்டிய அளவு விலை கிடைத்தது.